கடைசி வரிசையைத் தின்னும் எலி

மெட்ராஸ்,
12.6.1994

மக்கா கௌசி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். தம்பானூர் ஸ்டேஷனில் ஜன்னல் வழியாக நீ தந்த முறுக்குப் பொட்டலம் பாலக்காடு தாண்டுவதற்குள் தீர்ந்துபோனது. எதிர்சீட்டில் இருந்த அம்மாவுக்கும் கொடுத்தேன், அதனால் முழுப் பழியும் என் மேல் இல்லை. புரசைவாக்கத்தில் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. தண்ணீர்தான் கஷ்டம். நம்மூர்க் கிணற்றை நினைத்துக்கொண்டே அரை வாளியில் குளிக்கிறேன்.

கம்பெனி சின்னதுதான். கடைக்காரர்களுக்குப் பில் போடும் புரோகிராம் விற்கிறார்கள். பில் தமிழில் வரவேண்டும் என்று கடைக்காரர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்களாம். அதனால்தான் எழுத்து வடிவம் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள். தாணுமாலயன் அண்ணாச்சி பிரஸ்ஸில் அடித்து, நம் இரண்டு பேர் பெயரையும் கீழே போட்டு அனுப்பினோமே ஒரு மாதிரித் தாள், அதை மேனேஜர் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார். டிவியில் மாட்டுகிற விளையாட்டு மெஷினில் செய்தது என்று சொன்னேன். நம்பவே இல்லை. துபாயிலிருந்து எங்கள் அண்ணன் கொண்டுவந்தது, ரப்பர் பட்டன் வைத்தது, டேப் ரெக்கார்டரில் கேசட் ஓடவிட்டுத்தான் புரோகிராமை ஏற்றவேண்டும் என்றெல்லாம் சொன்னதும் ஆபீஸே கூடி நின்று கேட்டது.

உன் விஷயம். இப்போதைக்கு ஒரு சீட்தான் இருக்கிறதாம். அடுத்தது விழுந்ததும் உன்னைக் கூப்பிடச் சொல்கிறேன். நீ வருகிற அன்று சென்ட்ரலில் நான் நிற்பேன், இது சத்தியம்.

கடைப் பெயர் அடிப்பதற்கான பெரிய எழுத்து வரிசை பாதியில் நிற்கிறதே, அதை முடித்துவிடு. நம் எலி புரோகிராமில் ஓட்டி, அது கக்குகிற எண்களை எழுதி அனுப்பு. மேனேஜரிடம் காட்டினால் உன் சீட் சீக்கிரம் விழும். உன்னிடம் விட்டுவந்த மெஷினை ஈரத்துணியால் துடைக்காதே, மக்கா.

உன்
ரத்னா


ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
27.6.1994

ஏய் ரத்னா,

ஈரத்துணியால் துடைக்கவில்லை. காய்ந்த துணியால் துடைத்தாலும் உன் மெஷினிலிருந்து மிளகாய் வற்றல் தூள்தான் வருகிறது. கீழே அப்பாவின் மொத்தக் கடை, மேலே நாங்கள். மூட்டை பிரிக்கிற நாளில் வீடே தும்முகிறது, மெஷின் மட்டும் என்ன செய்யும்? நேற்று பட்டனைத் தட்டிவிட்டுக் கண்ணைத் தேய்த்தேன். அதற்குப் பிறகு எழுத்தும் தெரியவில்லை, டிவியும் தெரியவில்லை.

பெரிய எழுத்தை முடித்துவிட்டேன். தினமும் ஒரு சண்டை போட்டுத்தான் முடித்தேன். தங்கபாண்டி கிரிக்கெட் வந்துவிட்டால் "அக்கா, மேட்ச் துடங்ஙி, மாறு!" என்று மலையாளத்தில் விரட்டி வயரைப் பிடுங்கிவிடுவான். கேசட் கீச்சுக் கீச்சென்று கத்தி முடித்து, எலி ஏறி நிற்கும் நேரம் பார்த்துத்தான் பிடுங்குவான். தம்பி என்று ஒருத்தனை எதற்குப் பெற்றார்களோ.

எலிக்கு நாம் வைத்த பெயர் சரியானதுதான். நான் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து எழுத்து வரைகிறேன், உன் புரோகிராம் அதைப் புரட்டிப்போட்டு பிரிண்டருக்குப் புரிகிற எண்ணாக மாற்றுகிறது, மாற்றும்போது வலது ஓரத்து நெடுக்கு வரிசையை மட்டும் தின்றுவிடுகிறது. எண்ணும்போது ஒன்று குறைய எண்ணிவிட்டாய். அன்றே நீ திருத்தியிருப்பாய், நான்தான் வேண்டாம் என்றேன். அதற்குள் பாதி எழுத்தை எலிக்குப் பயந்தே வரைந்திருந்தேன். துணைக்கால் போடும்போது நேராக இறக்கினால் எலி கடித்துவிடும் என்று காலை இடதுபக்கம் மடக்கி மடக்கி, இப்போது அப்படி வரைந்தால்தான் எனக்கே அழகாகத் தெரிகிறது. பிரஸ்ஸில் அண்ணாச்சி, "உன் எழுத்தெல்லாம் சம்மணம் போட்டுல்லா இருக்கு" என்று சிரிக்கிறார்.

எண்களை டிவியைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. தை வரைக்கும் பொறுங்கள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஏன் என்று சொல்லவில்லை. அப்பாவிடம் வாயே திறக்கவில்லை. சீட் விழுந்துவிட்டது என்று நீ எழுது, அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். வெறுங்கையோடு போனால் விடமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவரை எனக்குத் தெரியாதா?

என் எழுத்தைப் பார்த்து மேனேஜர் என்ன சொன்னார்? அதை எழுதாமல் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறாயே, மண்டு.

கௌசி


மெட்ராஸ்,
9.9.1994

அன்புள்ள கௌசி,

தாமதத்துக்குக் கோபிக்காதே. வேலை கழுத்தை நெரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூட ஓடிப்போய் ஓடிவருகிறேன்.

எண்கள் கிடைத்தன. எல்லாம் சரியாக இருக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

சீட் இன்னும் விழவில்லை. இங்கே எதுவும் நாம் அங்கே உட்கார்ந்து நினைத்தது போல இல்லை. பெண்கள் தனியாக இருப்பது லேசான காரியமில்லை கௌசி. ஹாஸ்டல் சாப்பாட்டை நீ இரண்டு நாள் தாங்கமாட்டாய். பாளையங்கோட்டை இடம் நல்ல இடம் என்றால் யோசித்துப் பார். இந்த வேலையை நம்பி நல்ல சம்பந்தத்தைத் தள்ளிவிடாதே. எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைத்துச் சொல்கிறேன்.

சின்ன எழுத்து வரிசை ஆரம்பித்துவிட்டாயா?

ரத்னா


ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
20.10.1994

ரத்னா,

உன் கடிதத்தை அம்மாவிடம் காட்டியிருந்தால் உன்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பாள். எங்கள் அம்மா கோமதியம்மாள் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறாய். இரண்டு வருஷம் கம்ப்யூட்டர் கிளாஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கல்யாணம் எங்க ஓடியாப் போவுது?" என்று கேட்டவள் நீதானே? மெட்ராஸ் தண்ணீர் அதையும் மாற்றிவிட்டதா?

பாளையங்கோட்டைக்காரர்கள் போய்விட்டார்கள். தை வரைக்கும் காத்திருக்க அவர்களுக்கு என்ன தலைவிதி? வேறு பெண் பார்த்து முடித்துவிட்டார்களாம். அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். எனக்கு அந்த மாப்பிள்ளை போனதில் வருத்தமில்லை. உன்னை நம்பித்தான் அவர்களை அனுப்பினேன், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்.

இரண்டாவது தடவையாகக் கேட்கிறேன். என் எழுத்தைப் பார்த்து மேனேஜர் என்ன சொன்னார்? "ஆபீஸில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது" என்றால் யாருக்கு, என்ன சொன்னார்கள்? நான் அவருக்கு நேராக ஒரு கடிதம் போடட்டுமா?

சின்ன எழுத்து ஆரம்பித்திருக்கிறேன். வரைகிறபோது மட்டும்தான் வீட்டில் யார் முகமும் ஞாபகம் வருவதில்லை.

கௌசி


மெட்ராஸ்,
22.12.1994

அன்புள்ள கௌசல்யா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஊருக்குப் போகவில்லை, லீவு இல்லை.

மேனேஜருக்கு நேராகக் கடிதம் போடாதே. வெளியாட்கள் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, காரியம் கெட்டுவிடும். அவர் இப்போது பெங்களூரில் இருக்கிறார். வந்ததும் நானே பேசுகிறேன்.

உன் வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

ரத்னாபாய்


ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
18.2.1995

ரத்னாபாய்,

வெளியாள் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை தாணுமாலயன் அண்ணாச்சி பிரஸ்ஸிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அவர் உங்கள் கம்பெனியின் பில் புரோகிராமுக்கு ஏஜென்சி எடுத்திருக்கிறார், உனக்குத் தெரியாதா? சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் இத்தனை தமிழ்க் கடைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் தமிழில் பில் போட்டுக் கொடுக்கலாம் என்று அவருக்கு ஆசை. மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பிரிண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அண்ணாச்சி என் கையில் தந்தார். "பாரும்மா, உன் எழுத்து மாதிரியே சம்மணம் போட்டு இருக்கு" என்றார்.

மாதிரி இல்லை. என் எழுத்து. எலிக்குப் பயந்து நான் மடக்கிய கால், ஒன்றுவிடாமல் அப்படியே இருந்தது. மிளகாய்த் தூளில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வரைந்தேனே, அந்தப் பெரிய எழுத்தும் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன் ரத்னா. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிறகு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். "எழுத்து வடிவம்: ரத்னாபாய்" என்று இருந்தது.

வந்தவர் பெயர் ஞானையன், மார்த்தாண்டத்துக்காரர். யார் இதை வரைந்தது என்று கேட்டேன்.

"எங்க ஆபீசுல ரத்னாபாய்னு ஒரு பிள்ளை. எங்க ஊருப் பக்கந்தான்" என்றார். "கூட ஒரு பிள்ளையும் உண்டும் கேட்டேளா. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மேனேஜர் சீட்டு வச்சிருந்தாரு. அதுக்குக் கல்யாணம் ஆயிப் போயிட்டுதாம். அந்த சீட்டு கொஞ்ச நாளு சும்மா கெடந்துது. பெறவு வேற ஆளு போட்டாச்சு."

"அந்தப் பிள்ளை பேரு என்ன?" என்றேன்.

"கௌசல்யாவோ என்னவோ."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த மனிதர் என்ன செய்தார், பாவம். பேசி முடித்ததும் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு சீட்தான் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அன்றைக்கே என்னைக் கல்யாணம் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாய். எங்கள் வீட்டில்கூட என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஜாதகத்தை எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் எண் எழுதி அனுப்பினேன், நீ வாங்கிக்கொண்டாய். நல்ல சம்பந்தத்தைத் தள்ளாதே என்று புத்தி வேறு சொன்னாய். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, என் மேல் அக்கறை என்று நினைத்தேன். நீ சொன்ன பொய்யை நான் நிஜமாக்கித் தரவேண்டும் என்று காத்திருந்திருக்கிறாய்.

பக்கத்தில் இருந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன்.

உன் பெயரை எடு என்று கேட்கவில்லை, வேறு எதுவும் கேட்கவில்லை. ஒன்று மட்டும் செய். மேனேஜரிடம் போய், "கௌசல்யாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவள் வேலைக்காகக் காத்திருக்கிறாள்" என்று சொல். சொல்லிவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. அது போதும்.

கௌசல்யா


மெட்ராஸ்,
9.3.1995

அன்புள்ள கௌசல்யாவுக்கு,

உன் கடிதத்தை ஹாஸ்டல் மாடியில் வைத்துப் படித்தேன். நீ இவ்வளவு கடுமையாக எழுதுவாய் என்று நினைக்கவில்லை. திருடி என்று எழுதவில்லை, மற்ற எல்லாம் எழுதிவிட்டாய்.

முதல் நாள் மேனேஜர் என்ன கேட்டார் தெரியுமா? "இன்னொரு பெண் வருவாளா மாட்டாளா, இப்போதே சொல்லு. எழுத்து வரைந்தது யார்?" என்றார். நீ வரைந்தது என்று சொல்லி, நீ வராமலும் இருந்தால் என்னை அவர்கள் எதற்கு வைத்துக்கொள்ளவேண்டும்? எலியைப் போல ஒரு புரோகிராம் எழுத அந்த ஆபீஸில் நாலு பேர் இருந்தார்கள். எழுத்து வரையத்தான் ஆளில்லை. நான் எங்கே திரும்பிப் போவது? உனக்குக் கடை இருக்கிறது, மாடி இருக்கிறது, மெஷினை மாட்ட டிவி இருக்கிறது. எங்கள் அப்பா குலசேகரத்தில் இன்னொருவர் தோட்டத்தில் ரப்பர் வெட்டுகிறார். அண்ணன் அனுப்புவது அவன் துபாய் போன கடனுக்கே சரியாகிறது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். உன்னால் தை வரைக்கும் காத்திருக்க முடியும். என்னால் அன்று சாயங்காலம் வரைக்கும்கூடக் காத்திருக்க முடியாது.

உன் அப்பா விடமாட்டார் என்று சொன்னது நான் இல்லை. நீ. கிளாஸில் சொன்னாய், பஸ் ஸ்டாண்டில் சொன்னாய், என்னை வண்டி ஏற்றிவிட வந்த அன்றும் சொன்னாய். நீ வரமுடியாது என்றால் ஏன், எதற்கு, நாங்கள் வந்து வீட்டில் பேசட்டுமா என்று ஆயிரம் கேட்பார்கள். கல்யாணம் ஆகிவிட்டது என்று சொன்னால் அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. ஒரு பெண்ணைப் பற்றி அப்படிச் சொன்னால் யாராவது மேற்கொண்டு கேட்டு நீ பார்த்திருக்கிறாயா? எப்படியும் நடக்கப்போவதைத்தான் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்தேன்.

மெஷின் எங்கள் அண்ணனுடையது. எலி நான் எழுதியது. அந்த எழுத்தில் எனக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டாய் என்று நினைக்கிறேன்.

நான் ஒன்று செய்கிறேன். அடுத்ததாகச் சின்ன எழுத்து வெளியிடப் போகிறார்கள். நீ முடித்து அனுப்பு. இந்தமுறை "ரத்னாபாய், கௌசல்யா" என்று இரண்டு பெயரும் போடச் சொல்கிறேன். உதவியவர் என்று கட்டாயம் போடுவார்கள். மெஷினையும் நீயே வைத்துக்கொள், அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டான். இப்போது போய் முதல் நாள் சொன்னதை மாற்றிச் சொன்னால் என் நிலைமை என்னவாகும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்.

மனது ஆறியதும் எழுது மக்கா.

ரத்னா


ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
2.4.1995

ரத்னாபாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எல்லாம் இருந்தது. நான் கேட்ட ஒரு வரி மட்டும் இல்லை.

அப்பா விடமாட்டார் என்று நான்தான் சொன்னேன். அது உண்மை. அதைப் படித்த பிறகு ஒரு வாரம் உங்கள் கடிதத்தைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். கடைசியில் கீழே கடைக்குப் போனேன். அப்பா மூட்டை மேல் உட்கார்ந்து வற்றலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"அப்பா, மெட்ராஸ்ல எனக்கு ஒரு வேலை இருந்துச்சு. போகட்டுமான்னு கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்பம்ளா எங்கிட்ட கேட்ட?" என்றார்.

"கேக்கல. கேட்டிருந்தா?"

"கூட வந்து ஹாஸ்டல் எப்படின்னு பாத்துருப்பேன். கொத்தவால்சாவடி மார்க்கெட்ல நம்ம ஆளுகள்ட்ட, எம்மவ இங்க இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருப்பேன். வேற என்னளா? அதுக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியுத?"

அங்கேயே அழுதுவிட்டேன். மிளகாய் என்று அப்பா நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துத் தந்தார்.

அவரைக் கேட்காமலே அவருக்காக நாம் இரண்டு பேரும் பதில் சொல்லிவிட்டோம். நான் பயத்தில் சொன்னேன், அதற்கு எட்டு மாதம் மாடியில் உட்கார்ந்து அனுபவித்தேன். நீங்கள் சொன்னதற்கு நாற்காலி கிடைத்தது. உங்கள் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும். அதை அன்றே என்னிடம் சொல்லியிருந்தால், நீயே முதலில் போ, உன் பெயரையே போட்டுக்கொள் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்டிருக்கலாம். என்னையும் நீங்கள் கேட்கவில்லை.

விஷு கழிந்த திங்கட்கிழமை மெட்ராஸ் மெயில் ரயிலில் கிளம்புகிறேன். அப்பாவும் வருகிறார், இரண்டு நாள் கடையைத் தங்கபாண்டி பார்த்துக்கொள்வான். மெஷினையும் கேசட்டுகளையும் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் ஆபீஸில் டிவி இருக்கிறதா என்று மறுபடி பிரஸ்ஸுக்கு வந்த ஞானையனிடம் கேட்டுவிட்டேன், மேனேஜர் அறையிலேயே இருக்கிறதாம். அதில் மாட்டி, அவர் எந்த எழுத்தைக் கேட்கிறாரோ அதை அவர் எதிரிலேயே வரைந்து காட்டுவேன். எலியையும் ஓட்டிக் காட்டுவேன். எலி ரத்னாபாய் எழுதியது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். உங்களுடையதை என்னுடையது என்று சொல்ல எனக்கு வராது.

வேலை தருவாரோ மாட்டாரோ, எனக்குத் தெரியாது. ஆள் போட்டாயிற்று என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்பட்டும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதை என் வாயால் சொல்லிவிட்டுத்தான் வருவேன். சின்ன எழுத்து முடிந்துவிட்டது, அது என் கையில் இருக்கிறது. மெஷினை உங்கள் மேஜையில் வைத்துவிடுகிறேன். அது உங்கள் அண்ணனின் பொருள்.

நீங்கள் சென்ட்ரலுக்கு வரவேண்டாம்.

கௌசல்யா